தாலீம் எழுதிய தாள்



ஒரு கேள்வியுடன் இம்மாதம் உங்களைச் சந்திக்கின்றேன். மிகப் பழைமையான இரத்தினக் கம்பளம் ஒன்று நைந்து கிழிந்துவிட்டது. அது விரிந்திருந்த மண்டபத்தில் அதே எழிலை மீண்டும் காண விழைகின்றோம். என்ன செய்வது?

இதற்கு இரண்டு விடைகள் உண்டு.

முதல் விடை இலண்டன் மாநகரில் இருக்கின்றது. ஈரான் நாட்டின் அர்தபீல் நகரில், ஷைகு ஸஃபியுத்தீன் அவர்களின் அடக்கத்தலத்தில் இரட்டைக் கம்பளங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட முடிச்சுகளால் ஆனது. மக்ஸூத் காஷானீ என்ற பெயரும், ஹிஜ்ரி 946 (கி.பி. 1539–40) என்ற ஆண்டும் அவற்றில் நெய்யப்பட்டுள்ளன. சிதைந்த நிலையில் அவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விற்கப்பட்டு இங்கிலாந்து சென்றன. அங்கே ஒன்றை வெட்டி, மற்றொன்றின் கிழிசல்களுக்கு ஒட்டுப் போட்டார்கள். அவ்வாறு முழுமையாக்கப்பட்ட கம்பளத்தை 1893இல் இப்போதைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2,000 பவுன் கொடுத்து வாங்கியது. சாயம் மங்கிவிடாதிருக்க, அங்கே அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டுமே விளக்கேற்றுகிறார்கள். கரையை இழந்து குறுகிப்போன மற்றொன்று, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. ஒன்று நிறைவு பெறுவதற்காக அதன் உடன்பிறப்பு குறைபட்டது!

இரண்டாவது விடை நம் நாட்டுக் காஷ்மீரத்தில் இருக்கின்றது. அங்கே கம்பளத்தின் கோலத்தை முதலில் கட்டத்தாளில் வரைவார்கள். பின்னர், எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பதைச் சுருக்கக் குறிகளால் வரிவரியாக எழுதுவார்கள். நெசவாளர் அக்குறிகளைப் படித்துப் படித்தே முடிச்சிடுவார். அந்தத் தாளுக்கு என்ன பெயர் தெரியுமா? ‘தாலீம்!’ ஆம், கற்பித்தல் என்னும் பொருளில் நம் மதரஸாக்களில் அன்றாடம் வழங்கும் அதே அரபுச் சொல்தான். கம்பளம் மக்கிப் போனாலும், தாலீம் எஞ்சியிருந்து, அதை வாசிக்கத் தெரிந்தவரும் இருப்பாரானால், அதே கம்பளம் மீண்டும் பிறக்கும். எதையும் வெட்ட வேண்டியதில்லை.

இதன் அருமையை நான் உணர்ந்தது எங்கள் காஞ்சியில்தான்.

என் தாயார் தம் நிக்காஹ்வுக்கு உடுத்திய பட்டுச்சேலை மடிப்புகளில் இற்றுப் போயிருந்தது. அதே போன்று ஒன்றைத் தம் மகளின் நிக்காஹ்வுக்கு நெய்து தர வேண்டுமென்று என் சகோதரி ஆசைப்பட்டார். பிள்ளையார்பாளையத்தில் முதிய நெசவாளர் ஒருவரிடம் அதை எடுத்துச் சென்றேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. சேலையைப் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தார்.

“உடலையும் கரையையும் கோர்வையில் சேர்த்துவிடலாம், பாய். ஆனால் இது அடை கட்டி நெய்த மாங்காய்க் கரை. இதற்கு அடை கட்டியவர் போய்விட்டார். அவர் பிள்ளைகள் எவரும் தறியில் உட்காரவில்லை” என்றார்.

அடை என்பது, கோலத்துக்கேற்பப் பாவு இழைகளைப் பிரித்துத் தூக்குவதற்காகத் தறியிலேயே நூலால் கட்டி வைக்கும் அமைப்பு. ஜக்கார்டு அட்டைகள் வந்த பின் அது அருகிவிட்டது. கட்டியவரின் கைகளில் இருந்த கணக்கு, எந்தத் தாளிலும் ஏறவில்லை!

நான் எழுந்திருக்கையில் அப்பெரியவர் தம் பேரனை அழைத்தார். பூதக்கண்ணாடியை வைத்து அவர் இழைகளை எண்ணிச் சொல்லச் சொல்ல, சிறுவன் கட்டத்தாளில் புள்ளி வைத்தான். ஒன்பது நாட்கள் இவ்வேலை நடந்தது. வரி தவறியபோதெல்லாம் மீண்டும் முதலிலிருந்து எண்ணினார்கள். என் வகுப்பில் பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதையே நான் அங்கே கண்டேன். அத்தாளைக் கொண்டு அட்டை குத்தி, சேலை நெய்யப்பட்டது. பழைய சிவப்பு மட்டும் கைவரவில்லை. அதை மறைக்காமல் அவரே சொன்னார். என் சகோதரியோ சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கூலியைக் கொடுத்தபோது, “சேலையை நீங்கள் எடுத்துச் செல்லுங்கள், பாய். தாளை இவன் வைத்துக்கொள்ளட்டும்” என்றார் அவர்.

அன்பர்களே! நம் இல்லங்களிலும் இத்தகைய கணக்குகள் உண்டு. பாட்டிமார் பின்னும் பாயின் பின்னல், தையல்காரப் பெரியவரின் வெட்டு, தாயார் கைப்பக்குவம் ஆகியவை எந்தத் தாளிலும் இல்லை. பொருள் நைந்த பின் ஒட்டுப் போட இன்னொன்றைத் தேடி அலைவதைவிட, அறிந்தவர் நம்மிடையே இருக்கும்போதே ஒரு பிள்ளையை அவரருகில் அமர்த்தி எழுத வைப்பது எளிது. இம்மாதம் ஒரே ஒரு தாளாவது எழுதி வையுங்கள். எழுதியதை அப்பிள்ளை வாசித்துக் காட்டட்டும். வாசிக்கத் தெரிந்தவர் இல்லையேல், தாலீமும் வெறுந்தாளே.