குடிநீர்க்கு வரும் பணம் எவர் வீட்டுப் பணம்?

பேரையூர் வட்டத்துத் தேவன்குறிச்சிக் கல்லுப்பட்டியை முழுப்பெயரிட்டு அழைப்பார் இன்று அரியர். 'தே. கல்லுப்பட்டி' எனச் சுருக்கத் தமிழில் எழுத்தில்லாமற் போயிற்றா? ஆங்கில எழுத்தொன்றை ஒலிபெயர்த்து 'டி. கல்லுப்பட்டி' என்று எழுதிக்கொண்டாயிற்று. இதனைத் தில்லிக்காரன் வந்து எழுதவில்லை. ஊர்ப்பெயரின் தலையில் அயலெழுத்தை ஏற்றிக்கொண்டு நாணாதிருந்தவர்க்குக் குடிநீர்த் தொட்டியின்மேல் அயற்பெயர் ஏறும்போது மட்டும் உறுத்துமா? உறுத்த வேண்டும், ஏனெனில் அங்கு ஏறுவது பெயரோடு, பணத்தின் உடைமையும் ஆகும்.

கல்லுப்பட்டி பேரூராட்சியாகலின் நகரக் கணக்கில் சேரும். அதற்குரியது 2021இல் தொடங்கிய 'அம்ருத்' இரண்டாம் கட்டம். அதனைச் சூழ்ந்த சிற்றூர்கள் ஊராட்சிகள். அவற்றுக்குரியது 2019இல் தலைமையமைச்சர் அறிவித்த 'சல் சீவன்'. வெயில் ஒன்று, வறட்சி ஒன்று, வறளும் கண்மாயும் ஒன்று. பெயரோ இரண்டு, இரண்டும் தமிழல்ல. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டி வடசொல் வருமாறு வளைத்த பெயர் 'அம்ருத்'. அமிழ்து என்னும் சொல்லைக் குறளின் வான்சிறப்பிலேயே படித்த பிள்ளைகள், அதன் திரிந்த வடிவைத் தெருப்பலகையில் எழுத்துக்கூட்டிப் படிக்கின்றனர்.

இனிப் பணத்தைப் பார்ப்போம். ஓரிலக்கத்துக்குக் குறைந்த மக்கள்தொகையுள்ள நகரங்களில் அம்ருத் பணிக்கு நடுவணரசு தருவது பாதி. சல் சீவனில் தமிழ்நாட்டுக்குத் தருவதும் பாதி. மறுபாதி தமிழ்நாட்டரசின் பொறுப்பு. பாதி கொடுத்தவன் முழுப்பெயரையும் எடுத்துக்கொண்டான்! அம்மட்டோ? சல் சீவன் நெறிமுறைப்படி, ஊருக்குள் அமையும் குழாய்ப் பணியின் செலவில் நூற்றுக்குப் பத்துப் பங்கினை ஊராரே பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தருதல் வேண்டும். மலைநாட்டு ஊர்களிலும், பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் பாதிக்குமேல் வாழும் ஊர்களிலும் ஐந்து பங்கு. தீப்பெட்டிக்கும் வழலைக்கட்டிக்கும் கல்லுப்பட்டிச் சந்தையில் வரி கட்டியவள், அவ்வரியின் ஒரு கூறு தில்லிக்கும் மறுகூறு சென்னைக்கும் போக, மூன்றாவதாகத் தன் கையையும் நீட்டுகிறாள். அவளுக்கு வருவதற்குப் பெயர் 'மானியம்'.

மானியமென்பது மன்னன் மனமுவந்து விட்ட இறையிலி நிலத்தைக் குறித்த வடசொல். கொடுத்தவன் கை மேலே, வாங்கியவன் கை கீழே. தூயதமிழ் அன்பர் அதனை 'நல்கை' என மாற்றி அமைதியுறுவர். சொல் தூயதாயிற்று, கருத்து அப்படியே கிடக்கிறது. 'வரிப்பங்கு' என்பதே நேரிய சொல்.

அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 17ஆம் உருப்படி நீர்வழங்கல். மாநிலத்தின் வீட்டுக்குள் நடுவணரசு நுழைந்த வழி 282ஆம் பிரிவு: தன் சட்டமியற்றும் எல்லைக்குள் வாராத பொதுநோக்கத்திற்கும் பணம் தரலாம் என்னும் பிரிவு அது. தரலாம் என்றால் தராமலும் இருக்கலாமன்றோ? 2024-25இல் சல் சீவனுக்கு 70,000 கோடி உருபாவுக்குமேல் ஒதுக்கி, பின்னர் அதனை 22,694 கோடியாகக் குறைத்தனர். 2024இல் முடியவேண்டிய பணியை 2028 வரை நீட்டுவதாக 2025இல் அறிவித்தனர். கரணியம் எதுவாயினும் ஆகுக; குழி தோண்டிய தெருவில் குழாய் வாராதபோது எவரைப் போய்க் கேட்பது?

இக்கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரொருவர் கல்லுப்பட்டியிலேயே வாழ்ந்தார். 1940இல் அங்கு நிறுவப்பெற்ற காந்தி நிகேதனில் தம் இறுதியாண்டுகளைக் கழித்தவர் பொருளியலறிஞர் சே. சி. குமரப்பா. அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆராய்ந்த பொருளே, வெள்ளையன் தண்டிய வரிக்கும் நாட்டின் வறுமைக்கும் உள்ள தொடர்பு. 1930இல் அது நூலாயிற்று. வரியைத் தண்டுபவன் அதை எங்கே செலவிடுகிறான் என்று கணக்குக் கேட்டார். 1960இல் அவர் மறைந்தார். அவர் நடந்த தெருவில் இன்று அக்கணக்கைக் கேட்பார் எவர்?

கேட்கவொட்டாமற் செய்வது இந்தப் பெயர்களே. சல் சீவன் நெறிமுறை ஊர்தோறும் ஒரு குடிநீர்க்குழு வேண்டுமென்கிறது. உறுப்பினரிற் பாதிப்பேராவது பெண்களாக இருத்தல் வேண்டுமென்கிறது. நல்ல விதி, குடம் சுமப்பவர் அவரே. ஆனால் அக்குழுவுக்கு அந்நெறிமுறை இட்ட பெயர் 'பானி சமிதி'! பெயரே விளங்காத குழுவில் அமர்ந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றீர்களே, எங்கே என்று எந்தத் தாய் கேட்பாள்?

இதற்கும் தில்லியை மட்டும் ஏசிப் பயனில்லை. மாநில முதலீட்டுப் பணிகட்கு 2022-23இல் நடுவணரசு தந்த வட்டியில்லாக் கடனுக்கு, அதன் திட்டப்பெயர்களை மாற்றலாகாதென்று ஒரு கட்டளை இருந்தது. அக்கட்டளையிலேயே, மாநில மொழியிற் சரியாக மொழிபெயர்த்தல் தகும் என்றும் இருந்தது. கதவு திறந்தே இருந்தும் நுழையவில்லை. உயிர்நீர் என்றால் கல்லுப்பட்டிக்கு விளங்காதா? கண்மாய் தூர்வாரும் பணியை 2017இல் தமிழ்நாட்டரசே மீண்டும் தொடங்கியபோதும் 'குடிமராமத்து' என்றுதான் பெயரிட்டது, 'மராமத்து' அரபுச்சொல். செப்பம் என்னும் சொல் செத்தா போயிற்று?

ஒவ்வொரு மேனிலைத் தொட்டியின் கீழும் தமிழில் ஒரு பலகை வேண்டும். நடுவணரசு வழி வந்த வரிப்பங்கு இவ்வளவு, தமிழ்நாட்டரசு வழி இவ்வளவு, ஊரார் தந்தது இவ்வளவு, வந்துசேராதது இவ்வளவு, நீர் வாராதாயின் விடைசொல்ல வேண்டியவர் இன்னார் என எழுதுக. சிற்றூர்களில் ஊரவைக் கூட்டத்திலும், கல்லுப்பட்டியில் பேரூராட்சி மன்றத்திலும் இதற்குத் தீர்மானம் கொண்டுவரலாம். அத்தீர்மானத்தின் தலைப்பில் ஊர்ப்பெயரைத் 'தே. கல்லுப்பட்டி' என்று எழுதித் தொடங்குக.