வட சென்னைக்கு நாடகம் எப்போது?

சென்னையில் சனி, ஞாயிறு வந்துவிட்டால் எங்காவது ஒரு நாடகம் இருக்கும். எங்கே? மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் சபாக்களில்! கோடையில் நாடக விழாவே நடக்கிறது. மகிழ்ச்சிதான்.

ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

ஒரு காலத்தில் நிலைமை வேறு. சென்ட்ரல் ரெயில் நிலையத்தை அடுத்த வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடைக் கொட்டகை இருந்தது. பாய்ஸ் கம்பெனிகள் அங்கே வந்து நாடகம் போட்டன. மூட்டை தூக்குகிறவரும் முதலாளியும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இன்று மாலை 7 மணிக்குத் தொடங்கும் நாடகம் முடிய 9 ஆகிறது. பிறகு தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்சுக்கு நிற்க வேண்டும். எந்தத் தாய் துணிவாள்?

"அங்கே நாடகம் போட்டால் கூட்டம் வராது" என்று சிலர் சொல்கிறார்கள். வீண் பேச்சு! அம்மன் கோயில் திருவிழாவில் கூத்து நடந்தால் விடிய விடியப் பார்க்கிறவர்கள் தமிழ் மக்கள்.

நாடகம் தயார். நடிகர்கள் தயார். திரையையும் சாமான்களையும் கொண்டுபோகும் லாரி வாடகைதான் புதுச் செலவு. மாநகராட்சி தன் பள்ளி மைதானங்களை வாடகையின்றித் தரட்டும். சபாக்கள் மாதம் ஒரு நாடகத்தையாவது அங்கே, மாலை 5 மணிக்கே நடத்தட்டும்.

டிக்கெட் விலை? ஒரு குடும்பத்தின் சினிமாச் செலவில் பாதிக்குமேல் போகக்கூடாது!