பழந்துணிக்கும் ஒரு கடை வேண்டும்

கரிசல் காட்டில் பருத்தி வெடிப்பதையும், தெருவுக்குத் தெரு விசைத்தறிகள் இரவும் பகலும் ஓயாமல் சேலை நெய்வதையும் ஒருசேரக் கண்டு வளர்ந்தவர்கள் சங்கரன்கோவில்காரர்கள். ஆடித் தபசன்று கோமதியம்மன் காட்சி காணும் வேளையில், சுற்று வட்டாரத்துச் சம்சாரிகள் தம் நிலத்தில் விளைந்த மிளகாயோடும் தானியங்களோடும் பருத்தியையும் சூறைவிடும் வழக்கமுடைய ஊர் இது. நூலின் அருமையை இவ்வளவு நெருக்கமாக அறிந்த ஊரில், ஒரு துணி பழசாகிவிட்ட மாத்திரத்தில் அதன் மரியாதை முழுவதும் பறந்துபோவதும், பிறர் உடுத்திய வஸ்திரத்தை விலை கொடுத்து வாங்குவதைத் தரித்திரத்தின் அடையாளமாகக் கருதி நாம் சங்கோசப்படுவதும் எனக்கு நெடுநாளாக மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிற விஷயம்.

பழந்துணி வியாபாரம் நமக்குப் புதிதன்று. காலைச் சமையல் முடிந்து பெண்கள் சற்றே ஓயும் நேரம் பார்த்து, எவர்சில்வர் பாத்திரங்களையும் பிளாஸ்டிக் குடங்களையும் சுமந்துகொண்டு, ‘பழைய துணிக்குப் பாத்திரம்’ என்று தெருவில் குரல் கொடுத்து வருகிறவரை நாம் எல்லோரும் அறிவோம். அவர் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கால்சட்டையைப் பார்வையிடுவதைக் கவனித்தால் அது ஒரு வித்தை என்பது விளங்கும். முதலில் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழை விட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்; உட்காருமிடத்தை இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்க்கிறார்; ஜிப்பை ஒருமுறை ஏற்றி இறக்குகிறார்; சட்டையானால் காலரை மடித்து உள்பக்கத்து அழுக்குக் கோட்டைத் தடவிப் பார்க்கிறார். நைந்த பருத்திச் சேலையை ஒதுக்கிவிட்டு உழைக்கக்கூடியதை மட்டும் மூட்டையில் சேர்க்கிறார். அந்த மூட்டையிலுள்ளவை துவைக்கப்பட்டு, கிழிசல் தைக்கப்பட்டு, ஏதோ ஒரு சந்தையில் கூலித் தொழிலாளி ஒருவரின் உடம்பை மறைக்கப் போகின்றன. எஞ்சியவை பட்டறைகளில் எண்ணெய் துடைக்கும் துணியாகின்றன. ஒரு துணி இன்னும் எத்தனை காலம் உழைக்கும் என்று கையால் தொட்டுச் சொல்லத் தெரிந்த இந்த நிபுணரை, நாம் படிக்கட்டுக்கு மேலே ஏற்றாமலே பேரம் பேசி அனுப்பிவிடுகிறோம்.

இதைவிட என்னை வருத்துவது பட்டுச் சேலைகளுக்கு நேரும் கதி. அசல் சரிகை என்பது பட்டிழையின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் ஏற்றியது. ஆகையால் பழைய காஞ்சிபுரம் சேலையை விலைக்கு வாங்குகிறவர்களிற் பெரும்பாலோர் வாங்குவது சேலையை அன்று, அதிலுள்ள வெள்ளியைத்தான். சரிகையை எரித்துப் பட்டைச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். வெள்ளி விலை ஏற ஏற இந்தத் தொழிலும் சுறுசுறுப்படைகிறது. உடலுக்கு ஒரு வண்ணமும் கரைக்கு வேறொரு வண்ணமுமாக, இரண்டு பேர் தறியில் சேர்ந்திருந்து மூன்று நாடாக்களைக் கையாண்டு இழைக்கு இழை கோத்து நெய்த கோர்வைச் சேலை ஒன்று, பாட்டியின் கல்யாணத்தைக் கண்டு, அம்மாவின் வளைகாப்பைக் கண்டு, இன்னும் ஒரு தலைமுறைக்குத் தாங்கும் நிலையில், சில கிராம் வெள்ளிக்காக நெருப்பில் போகிறது. சேலையைச் சேலையாகவே மதித்து வாங்க ஒரு கடை ஊரில் இருந்தால், அதை விற்க நேர்ந்த குடும்பத்துக்கும் கூடுதலாகப் பணம் கிடைக்கும். புதுப் பட்டு எடுக்க வசதியில்லாத வீட்டு மணப்பெண்ணுக்கும் அசல் சரிகை வாய்க்கும்.

இலவசமாகக் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபின் நாகப்பட்டினத்தில் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழந்துணிகள் வந்து இறங்கின. உற்றாரையும் உடைமையையும் இழந்து நின்ற மீனவ மக்கள் அவற்றைத் தொட மறுத்தார்கள். மூட்டைகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. அவ்வாறு ஒதுக்கப்பட்ட துணிகளைத் தரம் பிரித்துப் பயன்படும்படி செய்ய, அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய ‘கூஞ்ச்’ என்னும் தொண்டு நிறுவனம் பெரும்பாடுபட வேண்டியிருந்தது. அந்த மக்கள் செய்தது முழுக்க முழுக்க நியாயம் என்பதே என் அபிப்பிராயம். வேண்டாத துணியை மாட்டிவைத்தால் வேண்டியவர் எடுத்துக்கொள்ளும் அன்புச் சுவரும் இலவச வழிதான்; 2015இல் ஈரானின் மஷ்ஹத் நகரில் தொடங்கிய அதை முன்மாதிரியாகக் கொண்டு நமது திருநெல்வேலியிலும் ஒன்று அமைந்தது. அது நல்லெண்ணத்தின் காரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் சுவரில் தொங்குவதை எடுக்கும்போது அக்கம்பக்கம் பார்க்கிற கை, கடையில் காசை வைத்துவிட்டு எடுக்கும்போது அப்படிப் பார்ப்பதில்லை. ஐம்பது ரூபாய் கொடுத்தவருக்கு அளவு சரியில்லை என்று சொல்லவும், நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பி வைக்கவும் உரிமை உண்டு.

யார் உடுத்தியதோ, நோயாளி உடுத்தியதோ, இறந்தவருடையதோ என்ற அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் பிறந்த குழந்தையின் உடம்பில் முதலில் படுவது பலமுறை துவைத்து மிருதுவான பழந்துணிதான். அது உறங்கும் தூளியும் பழைய சேலைதான். மணமகன் வரவேற்புக்கு அணியும் கோட்டு பல இடங்களில் வாடகைக் கோட்டு. அதை இதற்கு முன் எத்தனை பேர் அணிந்தார்கள் என்று எவரும் விசாரிப்பதில்லை. வெந்நீரும் சோப்பும் தென்பாண்டி வெயிலும் போக்காத அசுத்தம் துணியில் அதிகமில்லை.

இன்னொரு ஆட்சேபணை உண்டு. தறி ஓடும் ஊரில் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பழந்துணி பெருகினால் நெசவாளியின் பிழைப்பு என்னாவது? மேல்நாடுகளின் பழந்துணி மலைபோல் வந்து இறங்கும் கானா நாட்டின் நிலையைப் பார்க்கையில் இந்தக் கவலை வீண் என்று சொல்ல முடியாது. நம் அரசு பழந்துணி இறக்குமதியைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பதும் சரியே. நான் கேட்பது இந்த ஊர் வீடுகளின் பீரோக்களில் இருப்பவை இந்த ஊருக்குள்ளேயே கைமாற வேண்டும் என்பதைத்தான். பழசானாலும் விலை போகும் என்று தெரிந்தால், வாங்குகிறவர் முதல்முறை வாங்கும்போதே நூலின் தரத்தையும் சாயத்தின் உறுதியையும் கேட்டு வாங்குவார். நான்கு சலவையில் உருக்குலையும் மலிவுச் சரக்குக்கு அது நஷ்டம், நன்றாக நெய்கிறவருக்கு லாபம். தவிரவும், சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையைப் பாழாக்கியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியதையும் கண்ட தமிழ்நாட்டுக்கு, ஒரு சட்டையை இரண்டு மடங்கு காலம் உடுத்துவதன் பிரயோஜனத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னையிலும் பெங்களூரிலும் படித்த இளம்பெண்கள் ‘திரிஃப்ட்’ என்றும் ‘விண்டேஜ்’ என்றும் சொல்லிப் பழைய ஆடைகளை இன்ஸ்டாகிராமில் தேடிப் பிடித்துப் பெருமையோடு அணிகிறார்கள். இங்கிலாந்தில் 1942இல் தோன்றிய ஆக்ஸ்ஃபாம் என்னும் தொண்டு நிறுவனம், இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் திறந்த பழம்பொருள் கடையைப் பின்பற்றி இன்று அந்நாட்டுக் கடைத்தெருக்களிலெல்லாம் அத்தகைய கடைகள் உள்ளன. வசதியுள்ளவரும் இல்லாதவரும் ஒரே கொடியில் துணி பார்க்கிறார்கள். அந்தச் சகஜ பாவம் பெருநகரத்துக்கு மட்டும் சொந்தமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

2023 மே மாதம் மத்திய அரசின் யோசனைப்படி நகரங்கள்தோறும் பழைய துணி, புத்தகம், விளையாட்டுப் பொருள்களைப் பெற்றுக்கொள்ளும் மையங்கள் திறக்கப்பட்டன. அதிலிருந்து இன்னும் ஓரடி எடுத்து வைத்து, சங்கரன்கோவில் நகராட்சி பேருந்து நிலையத்தருகே ஒரு கடையை மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுக்குக் குறைந்த வாடகையில் ஒதுக்கித் தர வேண்டும். துணியைத் தரம் பார்க்கத் தெருவில் பாத்திரம் விற்பவர்களையே சம்பளத்துக்கு அமர்த்தலாம். உள்ளாடைகளையும் கிழிந்தவற்றையும் வாசலிலேயே திருப்பிவிட வேண்டும். மற்றவற்றைத் துவைத்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டுத் தொங்கவிட வேண்டும். பட்டுச் சேலையை முன்பணம் கொடுத்து வாங்கக் குழுவால் முடியாதாகையால், விற்றபின் உடையவருக்குப் பணம், குழுவுக்கு அதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் விலையை எழுதி ஒட்டிவிட வேண்டும். பேரம் பேசக் கூச்சப்பட்டே திரும்பிப் போகிறவர்கள் பலர். முகம் பார்க்க ஒரு நல்ல கண்ணாடியும், கதவும் தாழ்ப்பாளும் உள்ள உடைமாற்றும் அறையும் கட்டாயம் இருக்க வேண்டும்.