எண்ணுகிறவன் யார்?

1977இல் சர்வதேச திமிங்கல ஆணையம் ஒரு முடிவெடுத்தது: அலாஸ்காவின் வடகோடியில் வாழும் இனுப்பியாக் மக்கள் இனி போஹெட் திமிங்கலத்தை வேட்டையாடக் கூடாது. ஒன்றுகூட. காரணம் விஞ்ஞானிகளின் கணக்கு. மிஞ்சியிருப்பவை அதிகம் போனால் 2,000 என்றது அது. இந்தத் திமிங்கலங்களை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்ணெய்க்காகக் கப்பல் கப்பலாக வந்து கொன்றுபோட்ட வெள்ளை வியாபாரிகள். தண்டனை மட்டும், பிடித்ததை ஊர் முழுக்கப் பங்குபோட்டுத் தின்கிறவர்களுக்கு. கொன்னவன் போயிட்டான், தின்னவன் குற்றவாளி.

எப்படி எண்ணினார்கள்? வசந்தத்தில் கடல்பனி பிளந்து திறக்கும் நீர்ப்பாதையின் ஓரத்தில் நின்று, கண்ணுக்குத் தெரிந்த முதுகுகளை எண்ணினார்கள். வேட்டைக்காரர்கள் வேறு சொன்னார்கள். திமிங்கலம் திறந்த தண்ணியில மட்டும் போகாது, பனிக்கு அடியிலயும் போகும், தலையால முட்டி உடைச்சு மூச்சு விடும், நீங்க நிக்கிற இடத்துலேர்ந்து தெரியாத தூரத்துலயும் போகும். ஹாரி ப்ரோவர் என்ற மூத்த வேட்டைக்காரர் இதை விஞ்ஞானிகளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர். ஆனால் படிக்காதவன் சொன்னால் அது 'நம்பிக்கை', படித்தவன் சொன்னால் 'தரவு'.

அவர்கள் மனுக்கொடுத்துவிட்டுச் சும்மா உட்காரவில்லை. அதே 1977இல் தங்களுக்கென ஒரு திமிங்கல வேட்டை ஆணையத்தை அமைத்தார்கள். போராடியதில் அடுத்த ஆண்டுக்கு 12 திமிங்கலங்கள் அனுமதியாயின. அவர்களுடைய உள்ளாட்சியே காசு போட்டு ஆய்வாளர்களை அமர்த்தியது. நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டால், பனிக்கு அடியில் திமிங்கலங்களின் குரல்! 2001இல் கணக்கு 10,000ஐத் தாண்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெருகியதும் இதில் சேர்த்திதான். ஆனாலும் முதல் கணக்கு பிசகு என்பது அதற்கு முன்பே நிரூபணமாகிவிட்டது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்த உள்ளாட்சிக்குக் காசு வந்தது புரூடோ பே எண்ணெய் வயலின் வரியிலிருந்து. இன்று அவர்கள் காலடிப் பனியைக் கரைப்பதும் அதே எண்ணெய்ப் புகைதான். ஒடுக்கப்பட்டவன் கறைபடாத காசில்தான் போராட வேண்டும் என்று உபதேசம் பண்ணுகிற யோக்கியர்களை நமக்குத் தெரியும்; அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடேறியிருக்கிறது. ஷிஷ்மரெஃப் என்ற அலாஸ்கா தீவுக் கிராமத்தில் சுமார் 600 பேர். புயலைத் தடுத்த கடல்பனி தாமதமாகக் கட்டுகிறது, உறைந்த மண் இளகிக் கரை சரிகிறது. 2016இல் ஓட்டுப் போட்டு ஊரை மாற்ற முடிவெடுத்தார்கள். மாறுவதற்குப் பணம் இல்லை. ஆய்வு செய்ய மட்டும் ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். இனுவிட் குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள், ஒரு மானிடவியலாளர் என்று அந்த மக்களிடையே பழைய கேலி ஒன்று உண்டு. சேரிக்குக் கேள்வித்தாளோடு வந்து, திரும்பிப் பார்க்காமல் போனவர்களை அறிந்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

எண்ணப்படுவது அவர்களுக்குப் புதிதும் அல்ல. 1941 முதல் கனடா அரசு இனுவிட் மக்களுக்கு எண் பொறித்த வில்லைகளைக் கொடுத்தது. பேர் வாயில் நுழையவில்லையாம்! 1970களில்தான் அது ஒழிந்தது. அந்த மக்களின் தேசிய அமைப்பான இனுவிட் தபிரீத் கனாதாமி 2018இல் ஆராய்ச்சிக்கான தன் கொள்கையை வெளியிட்டது. ஆய்வை நடத்துவதில் எங்களுக்கு அதிகாரம் வேண்டும், நிதி எங்கள் தேவைக்கு ஏற்பச் செலவாக வேண்டும், தரவு எங்களுக்குச் சொந்தம். இதுதான் சாரம். கருணை கேட்கிற தொனி அதில் எங்கும் இல்லை. 2019இல் சனிகிலுவாக் ஊரின் அமைப்பொன்று 'சிகு' என்ற செயலியைக் கொண்டுவந்தது. சிகு என்றால் கடல்பனி. வேட்டைக்காரர்களே பனியின் நிலையைப் பதிவு செய்கிறார்கள், பதிவு அவர்களுக்கே உரிமை.

களப்பணிக்குக் கிளம்பும் மாணவத் தோழர்கள் அந்த 2018 ஆவணத்தைப் படித்துவிட்டுப் போகலாம். அதைத் தமிழில் கொண்டுவர ஆசை. மொழிபெயர்க்க முன்வருகிறவர்கள் எழுதுங்கள். சன்மானம் தர வழியில்லை, இதழ் இலவசமாக வரும்.