வெயிலில் வாடாத புல்! 8 ஆண்டில் மாறிய சட்டம்

வீட்டு முன்னால் பச்சைப் பசேல் என்று புல்தரை. வெயில் அடித்தாலும் வாடாது. தண்ணீர் ஊற்ற வேண்டாம். வெட்டவும் வேண்டாம். ஏன் என்றால், அது புல்லே அல்ல. பிளாஸ்டிக்!

அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் பல வீடுகளில் இந்தப் புல்லை விரித்து இருக்கிறார்கள். முன்பு அதற்குச் சட்டமே காவல் நின்றது. 2023-ம் ஆண்டு அந்தக் காவல் போய்விட்டது.

பனி இல்லாத மலை

கலிபோர்னியாவில் கோடை மழை மிகக் குறைவு. குளிர்காலத்தில் மலை மீது விழும் பனி உருகி வருவதைத்தான் கோடையில் பெரிதும் நம்பி இருக்கிறார்கள்.

2015-ம் ஆண்டு பனி பொய்த்தது. ஏப்ரல் 1-ந்தேதி கவர்னர் ஜெர்ரி பிரவுன் சியர்ரா நெவாடா மலைக்குப் போனார். 5 அடி பனி கிடக்க வேண்டிய இடத்தில் காய்ந்த புல் மீது நின்றார். நகரங்களில் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்கும்படி உத்தரவு போட்டார்.

அங்கே வீடுகளில் செலவாகும் தண்ணீரில் ஏறத்தாழப் பாதி, தோட்டத்துக்கும் புல்லுக்கும் போகிறது. குடிக்கிற தண்ணீர் அது! எல்லோருடைய கண்ணும் புல் மீது விழுந்தது. வீடுகளில் செயற்கைப் புல் போடுவதை நகரசபைகள் தடுக்கக்கூடாது என்று அந்த ஆண்டே சட்டம் வந்தது.

நிழலுக்கு வந்த புல்

இந்தப் புல் பெயர் வாங்கிய கதை வேடிக்கையானது. ஹூஸ்டன் நகரில் 1965-ம் ஆண்டு, கூரை போட்ட பெரிய விளையாட்டு அரங்கம் திறந்தார்கள். வெளிச்சம் புகும் கூரை. உள்ளே நிஜப் புல். மேலே பார்த்தால் ஆட்டக்காரர்களுக்குக் கண் கூசியது. பந்து தெரியவில்லை. கூரைக்கு வர்ணம் பூசினார்கள். வெயில் இல்லாமல் புல் செத்தது! 1966-ல் செயற்கைப் புல்லை விரித்தார்கள்.

வெயில் படாத இடத்துக்கு வந்த பொருள், இப்போது வீட்டு வாசலில் சுடு வெயிலில் கிடக்கிறது.

நிஜப் புல் தண்ணீரை உறிஞ்சி, இலை வழியாக ஆவியாக விடுகிறது. நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்வது போல, தரையும் குளிர்கிறது. பிளாஸ்டிக்குக்கு வியர்க்குமா? யூட்டாவில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் அளந்து பார்த்தார்கள். வெயில் 37 டிகிரி செல்சியஸ் இருந்தபோது செயற்கைப் புல்லின் சூடு 93 டிகிரி! தண்ணீர் கொதிக்க இன்னும் 7 டிகிரிதான் பாக்கி. குழந்தை வெறுங்காலோடு ஓடினால் என்ன ஆகும்? தண்ணீர் தெளித்தால் சூடு இறங்கும். ஆனால் சில நிமிடங்களில் மறுபடி ஏறிவிடும். தண்ணீரை மிச்சம் பிடிக்கப் போட்ட புல்லுக்கே தண்ணீர்!

தேயத் தேய பிளாஸ்டிக் துணுக்குகள் உதிர்ந்து மண்ணிலும் சாக்கடையிலும் சேர்கின்றன. அடியில் மண்ணும் மணலும் ஒட்டிக் கிடப்பதால், பழைய புல்லை உருக்கி மறுபடி பயன்படுத்துவதும் சிரமம்.

கையெழுத்து

2023 அக்டோபரில் கவர்னர் கவின் நியூசம் புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ராஜ்யம் முழுவதற்கும் தடை இல்லை. வேண்டுமானால் நகரசபைகள் தடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

தண்ணீர் மிச்சமானது பொய் அல்ல. புல் வெட்ட முடியாத வயோதிகர்களுக்கு இது வசதி என்பதும் உண்மை. ஆனால் குறைந்த தண்ணீரில் வளரும் அந்த மண்ணின் செடிகளை நட்டாலும் தண்ணீர் மிச்சமாகும். 

செயற்கைப் புல்லின் ஆயுள் சுமார் 10 முதல் 15 ஆண்டு. 2015-ல் கைப்பணம் போட்டு விரித்தவர்களுக்கு அதைச் சுருட்டும் காலம் வந்துவிட்டது. மறுபடி விரிக்கலாமா, கூடாதா என்பது இனி ஊருக்கு ஊர் மாறும்.