விளையாட்டு வினையாகட்டும்!

‘விளையாட்டு வினையாகும்’ என்பது எம்மவர் நாவில் என்றும் நிற்கும் எச்சரிக்கை. மாலையில் மைதானத்தை நோக்கி நடக்கும் மகனை மறித்துத் தனியார் கல்வி நிலையத்துக்கு அனுப்பும் பெற்றோரும், பரீட்சை நெருங்கியதும் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குத் தாரைவார்க்கும் ஆசிரியரும் இப்பழமொழியின் நிழலிலேயே நிற்கின்றனர். ஆனால், வினை என்ற சொல்லுக்குத் தீங்கு என்பது மட்டுமா பொருள்? தொழில் என்பதும் அதன் பொருளே. அப்பொருளில் விளையாட்டு வினையாகத்தான் வேண்டும் என்பதே என் வாதம்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்தின் வாழ்க்கையை நோக்குவோம். 2001ஆம் ஆண்டு டிசெம்பரில் பிறந்தவர். மணிக்கட்டால் பந்தைச் சுழற்றும் கலையில் தேர்ந்தவர். 2020 டிசெம்பரில், 19 வயதை எட்டும் தறுவாயில், லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காகக் களமிறங்கினார். அவர் வீழ்த்திய முதல் விக்கெற் இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்யூஸினுடையது. பின்னர் பங்களாதேஷிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தொழில்முறை அணிகளுக்காகப் பந்துவீசினார். 2023 ஒக்ரோபரில், சீனாவின் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கையின் சீருடையை அணிந்தார். 2024இல் காயமுற்ற வனிந்து ஹசரங்கவின் இடத்துக்கு, 50 இலட்சம் இந்திய ரூபா விலையில் ஐதராபாத் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. இதைத் தொழில் என்னாது வேறென்னென்பது?

அந்நாளில் எம்மவர் அடைந்த பெருமிதத்தை நான் குறைகூறவில்லை. ஆயினும், அப்பெருமிதத்தில் எமக்குள்ள உரிமை எவ்வளவு என்று கேட்க வேண்டியிருக்கிறது. வென்றவனுக்கு மாலை சூட்டும் அதே கைகள்தாம், வெல்ல முயல்பவனின் பந்தைப் பிடுங்கி எறிகின்றன. கனியைக் கொண்டாடுகின்றோம், விதைக்கு நீர் வார்க்க மறுக்கின்றோம்.

வணிகமும் இதையே செய்தது. யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளில் கிண்ணம் வென்றது. அந்நான்கு தொடர்களில் ஒரு போட்டியேனும் யாழ்ப்பாண மண்ணில் நடைபெறவில்லை. 2020ஆம் ஆண்டுத் தொடர் முழுவதும் அம்பாந்தோட்டையிலேயே நடந்தேறியது. எம் ஊரின் பெயர் மைதானமேறியது. எம் ஊர்ச் சிறுவனோ தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தான்.

“ஆயிரம் பேர் ஆடினால் ஒருவனே உழைப்பான், முழங்கால் முறிந்தால் அவனுக்கும் சோறில்லை” என்பர் பெரியோர். இவ்வாதத்தில் உண்மையுண்டு. ஆனால், மருத்துவ பீடத்தை நாடி உயர்தரப் பரீட்சை எழுதுவோரில் எத்தனை பேர் அதன் வாயிலை மிதிக்கின்றனர்? அங்கே தோல்வியுறுவோர் தொகை கண்டு எவரும் அப்பாடத்தைச் சூதாட்டம் என்பதில்லையே! ஒரு பந்தயத்தை முயற்சி என்றும் மற்றதை வீண்பொழுது என்றும் பெயரிடுவது கணக்கன்று; மனச்சாய்வு.

இன்னொரு சான்றையும் அவர்கள் காட்டுவர். அதே மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு அவ்விழாவின் முதல் தங்கத்தை ஈட்டினார். கலிபோர்னியாவிலும் கோர்னெல்லிலும் கற்றுக் கலாநிதியுமானார். “அவர்போல் இரண்டையும் செய்யலாமே” என்பது அறிவுரை. 2024இல் மறைந்த அப்பெருமகன் எமது பெருமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரது காலம், பணம் பெறாது ஆடுவதே ஒலிம்பிக் விதியாயிருந்த காலம். விளையாட்டு அன்று அவருக்குச் சோறு போட முடியாது; கல்விதான் போட்டது. இன்றோ விளையாட்டு முழுநேர உழைப்பை வேண்டுகிறது. அதற்குரிய கூலியையும் தருகிறது. மேலும், அவரது ஆற்றலையும் கல்வியையும் ஒருங்கே ஏற்று வளர்த்த களம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்பதை மறத்தல் ஆகாது. எமது பல்கலைக்கழகங்கள் அவ்வாறு ஒருவரை ஏற்கச் சித்தமாயுள்ளனவா? பயிற்சிக்காக விரிவுரைக்கு வராத மாணவனைச் சோம்பேறி என்னாமல் விடுகின்றோமா?

2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நன்று. ஆனால் கல்லும் சீமெந்தும் பந்துவீசுவதில்லை. 1904 முதல் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் பொருதும் ‘வடக்கின் பெரும்போர்’ எமக்குண்டு. அந்தப் போர் முடிந்த மறுநாள், பத்தொன்பது வயது இளைஞன் எங்கே செல்வான் என்பதற்கு மட்டும் எம்மிடம் விடையில்லை. கழகங்கள், ஊதியம் பெறும் பயிற்றுநர், காயத்தைக் கவனிக்கும் மருத்துவர், ஆடமுடியாது போனவனுக்கு நடுவராகவும் பயிற்றுநராகவும் வாழ வழி — இவையே ஏணியின் படிகள். இப்படிகள் இல்லாத ஊரில் ஒருவன் உச்சியை எட்டினால், அது ஊரின் சாதனையன்று. ஊரையும் மீறிய அவனது சாதனை.

ஆகவே, அடுத்த வியாஸ்காந்துக்கு மாலை தொடுக்குமுன், இன்று மாலை அவன் மைதானத்துக்குச் செல்லும் வழியை மறிக்காதிருப்போம். விளையாட்டு வினையாகட்டும்!