பொதினி மலையும் நம் இளையோரும்

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் ஆண்டது பொதினி மலை. அப்பொதினியே இன்றைய பழனி என்பர் ஆய்வாளர். கடையெழு வள்ளல்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம், “மயில் குளிரால் நடுங்குமா ஐயா?” என்று ஒரு மாணவரேனும் கேட்காமல் இருப்பதில்லை. நடுங்காது என்பதை நாமும் அறிவோம், பேகனும் அறிந்திருப்பான். கொடைமடம் என்று பெயரிட்டு, இரண்டு மதிப்பெண் வினாவாக்கி, அடுத்த வள்ளலுக்குச் சென்றுவிடுகிறோம். அம்மலையில் இன்று வாழும் உயிர்களுக்கு என்ன நேர்ந்தது, அதைக் கண்டு வாய் திறந்தோர் யாவர் என்னும் வினா நம் பாடத்திட்டத்தில் இல்லை. அதனை ஈண்டுப் பேச விழைகிறோம்.

1980களின் முற்பகுதியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இயங்கிவந்த வெப்பமானி ஆலையொன்று கொடைக்கானலுக்குப் பெயர்க்கப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமாயிற்று. ஆலை அமைந்த இடமோ பாம்பார்ச் சோலையின் மேற்சரிவு. அச்சோலையின் நீர் கும்பக்கரை அருவியாய் வீழ்ந்து பெரியகுளத்துப் பக்கம் இறங்குவது. 2001ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மூஞ்சிக்கல்லில் உள்ள பழைய பொருள் கடையொன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் குவிந்து கிடந்ததை ஊர்மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளிப்படுத்தினர். கடைக்கு அருகிலேயே பள்ளிக்கூடம். மக்கள் திரண்டனர், ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஏழை நாட்டுக்குக் குப்பை வருவதைத்தான் உலகம் கண்டிருந்தது; வந்த வழியே திரும்பிச் சென்றது அரிய நிகழ்ச்சி. ஜப்பானில் மினமாட்டா என்னும் ஊரில் பாதரச நோய் 1956இல் கண்டறியப்பட்டதையும், அவ்வூரின் பெயராலேயே 2013இல் பன்னாட்டு உடன்படிக்கை ஏற்பட்டதையும் இங்கு நினைவுகொள்ளலாம்.

கழிவு போயிற்று, தொழிலாளர் எஞ்சினர். சிறுநீரகக் கோளாறும் நரம்புத் தளர்ச்சியும் கொண்டு அவர்கள் நீதிமன்றம் ஏறினர். அந்நோய்களுக்கு ஆலை காரணமன்று என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. வழக்கு நீண்டது. ஆலை மூடிப் பதினான்கு ஆண்டுகள் கழிந்து, 2015இல், சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் என்னும் இளம்பெண் இச்செய்தியை ஒரு ராப் பாடலாக்கிப் பாடினார். நம் செவிக்கு அவ்விசை சற்றுக் கரடுமுரடானது என்பதை மறைக்கவில்லை. ஆயினும் பல இலட்சம் பேர் அதைக் கேட்டனர். மறந்துபோன செய்தி மீண்டும் நாளேடுகளில் ஏறியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உடன்பாடு கையெழுத்தானது. பாடலால் மட்டும் அது நிகழ்ந்தது என்போமாயின், பதினைந்தாண்டு அலைந்த தொழிலாளருக்கு இழைக்கும் தீங்காகும். பாடல் தட்டியது; கதவருகே அவர்கள் முன்பே நின்றிருந்தனர். மண்ணில் எஞ்சிய பாதரசம் பற்றிய வாதம் அதன் பின்னும் ஓயவில்லை. 2018இல் டி.எம்.கிருஷ்ணாவும் அமிர்த் ராவும் சோபியாவுடன் சேர்ந்து இரண்டாம் பாடலையும் தந்தனர்.

இவ்விடத்தில் நம் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த 2015ஆம் ஆண்டில் நம் மாணவி ஒருவர், முத்தமிழ் விழாப் பேச்சுப் போட்டியில் இப்பொருள் பற்றிப் பேச விரும்பி வந்தார். “கும்பக்கரையில் குளித்து வளர்ந்தவர்கள் ஐயா நாங்கள்” என்றார். நாம் என்ன சொன்னோம்? “இது அரசியலம்மா, தாயின் பெருமை, நூலகத்தின் பயன், இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்” என்றோம். மேடையில் அமரவிருந்த பெரியோர் என்ன நினைப்பரோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். பெரியோர் எவரும் மறுத்திருக்கவில்லை. நாம் கேட்கவே இல்லை! அப்பெண் தாயின் பெருமையைப் பேசி மூன்றாம் பரிசு பெற்றார். அதை எண்ணும்போது இன்றும் நாணுகிறோம்.

எனவே, ஜமாஅத்துப் பெரியோரிடம் ஒன்று கேட்கத் துணிகிறோம். “படிக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?” என்னும் சொல் நம் இல்லங்களில் அன்பினால் எழுவது, அறிவோம். பெண்பிள்ளைகளிடம் அது இருமடங்கு அழுத்தமாய்ச் சொல்லப்படுகிறது. ஊர்ப் பொதுக் காரியத்தில் நம் பிள்ளைகள் பிறரோடு தோள் சேர்ந்து நின்றாலன்றோ, பிறர் நம்மை அறிவதும் நாம் பிறரை அறிவதும் கூடும்? பெருநாளன்று பிரியாணி கொடுத்தனுப்புவது நல்லதே. அதனோடு நிறுத்திக்கொண்டு நல்லிணக்கம் வளர்ந்துவிட்டது என்று மகிழ்வது போதாது. பாதரசம் எவருடைய சமயத்தையும் கேட்டு உடலில் ஏறவில்லை.

அமைதி என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு சொல். 1985இல் தொடங்கப்பெற்ற பழனிமலைப் பாதுகாப்பு மன்றம், கொடைக்கானலில் விதிகளுக்கு மாறாக உயர்ந்த விடுதியொன்றை எதிர்த்து 1990களில் நீதிமன்றம் சென்றது. கல்லெறியவில்லை, கடையடைக்கவில்லை, மனு எழுதினர், வாதிட்டனர், காத்திருந்தனர். அவ்விடுதிக்கு அளிக்கப்பட்ட அனுமதி தொடர்பான குற்ற வழக்கில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் முன்னாள் முதல்வருக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டது. (2001இல் மேல்முறையீட்டில் அவர் விடுவிக்கப்பெற்றார்.) தீர்ப்பு வெளிவந்த அன்றே தருமபுரி அருகே ஒரு பேருந்துக்குத் தீ வைத்தனர். கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் அதில் மாண்டனர்.

ஒரே வழக்கு. ஒரு தரப்பார் காகிதத்தை எடுத்தனர். சினம் கொண்ட சிலர் நெருப்பை எடுத்தனர். மாண்ட பெண்களுக்கும் அவ்விடுதிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கொடைக்கானல் பேருந்தில் நம் மாணவியரை ஏற்றிவிட்டு எண்ணிக்கை பார்க்கும்போது அம்மூவரின் நினைவு வராமல் இருந்ததில்லை. தீ வைத்த கூட்டத்தில் இருந்தோரும் ஏதோவொரு பள்ளியில் திருக்குறள் படித்தவர்களே. மாற்றாரிடம் வாதிடும் பயிற்சியை அவர்களுக்கு எவரும் அளிக்கவில்லை. மனப்பாடம் மட்டும் அளித்திருந்தோம்.

சுற்றுலா என்றதும் இன்னொன்று. 2018இல் குறிஞ்சி மலர்ந்தபோது துறை மாணவரைக் கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்றோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்களை இரு மாணவர் பேருந்திலேயே ஒப்பித்தனர், உள்ளம் பூரித்தது. இறங்கிப் பார்த்தால், இருக்கைக்கடியில் தண்ணீர்ப் பாட்டில்களும் நொறுக்குத்தீனி உறைகளும்! சன்னல் வழியே போனவை எத்தனையோ. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக்கு மாநிலம் முழுதும் 2019 சனவரி முதல் தடை உண்டு. ஊர்திப் பெருக்கம் தாங்காமல், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே முதல் இ-பாஸ் இன்றி மலையேற இயலாத நிலை வந்தது. சட்டம் வந்து தடுக்கும்வரை காத்திருந்தோம் என்பதே நமக்குக் குறை.

சோலை என்னும் நம் சொல்லையே ஆங்கிலத் தாவரவியல் ‘ஷோலா’ என எடுத்துக்கொண்டது. புல்வெளியும் சோலையும் சேர்ந்து மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாய் விடுவதால்தான் கீழ்நாட்டு ஓடைகள் கோடையிலும் கசிகின்றன. அப்புல்வெளிகளில் வாட்டிலும் பைனும் யூகலிப்டசும் நட்டவர்கள் வளர்ச்சி என்று நம்பித்தான் நட்டனர். மரம் நடுவதெல்லாம் அறமன்று; எங்கே எதை நடுகிறோம் என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. ஆண்டுதோறும் ஒரே குழியில் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் நம் விழாக்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

இனி, மாணவர் செய்யக் கூடியது என்ன? கிராம சபைக் கூட்டத்தில் அவ்வூர் வாக்காளர் எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம்; பதினெட்டு வயது நிரம்பிய நம் மாணவரில் எத்தனை பேர் ஒருமுறையேனும் சென்றிருக்கின்றனர்? வகுப்பில் கேட்டோம், இரண்டு கைகள் உயர்ந்தன. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. கட்டணம் பத்து ரூபாய். முதலாண்டுத் தமிழ்த் தாளில் விண்ணப்பம் வரைதல் என்றொரு பகுதி உண்டு. சென்ற பருவத்தில், விடுப்பு விண்ணப்பத்துக்கு மாற்றாக உண்மையான விண்ணப்பத்தையே எழுதச் சொன்னோம். விடுதிக்குப் பின்புறமுள்ள கண்மாயில் கலக்கும் கழிவுநீர் எங்கிருந்து வருகிறது, அதைத் தடுக்க எடுத்த நடவடிக்கை யாது என ஆறு வினாக்கள். பிழை திருத்தியதோடு நம் பணி முடிந்தது. கையெழுத்திட்டு அஞ்சலில் சேர்த்தவர் ஒரு மாணவி. பதில் வந்தது. மூன்று வினாக்களுக்கு விடை இல்லை. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம் இருக்கிறது. வரைவு இப்போது நம் மேசைமேல் இருக்கிறது, ஒற்றுப்பிழை இரண்டு.